புள்ளி வைக்காத முகம்

டோ பாயோ, சிங்கப்பூர்
23 ஜூன் 1997

அண்ணா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். அம்மாவின் காரியம் நடந்த நாளெல்லாம் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே பானைக் கஞ்சியைத்தான் குடித்தோம். நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. வந்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். என்னுடையது கோபம். அதைச் சிங்கப்பூர் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். முடிவெட்ட வருகிறவர்கள்கூட, "என்னக்கா, கத்திரி இன்னிக்கு இந்தப் போடு போடுது?" என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

பதினேழாம் தேதி காலையில் அம்மா கண்ணை மூடினாள். உடனே நிபோங் தெபால் கோயிலுக்கு போன் அடித்தேன். எடுத்தது உங்கள் நாடகக் குழு முதலாளி செங் மாமா. கேட்டதும் அழுதார். அழுதுகொண்டே, "அம்மாடி, உன் கால்ல விழாத குறையா கேக்குறேன். இன்னிக்கு சாமிக்கு விசேஷம். சாமி வேஷத்துக்குச் சிவப்பு முகம் போட அவன விட்டா எனக்கு ஆள் கிடையாது. சாவுச் சேதி காதுல விழுந்துட்டா அவன் மேடை ஏற முடியாது. ஆட்டம் முடியட்டும், நானே சொல்றேன்" என்றார். அவர் பேசும்போதே நான் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சவப்பெட்டிக் கடைக்காரர்கள் என் சட்டைக் கையில் துக்கத் துணியைக் குத்தியதும், நம் தாய்மாமன் மகனின் வேனில் ஏறி நேராக உன்னிடம் வந்தேன். கோயில் வாசலுக்கு முன்னால் அந்தத் துணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு உங்கள் முறை தெரியாது என்று சொல்லாதே. அம்மா மேடைக்குப் பின்னால் கஞ்சி விற்றாள், நாம் இரண்டு பேரும் மேடைக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கி வளர்ந்தோம். சிவப்பு பூசியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவனும் துடைக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, அந்தச் சாமியின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'ரெண்டாவது ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்துதான் மேடை ஏணியில் ஏறினேன். தெரிந்துதான் "பெங் தேக்!" என்று கத்தினேன்.

செங் மாமா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். மேளக்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். நீ தூரிகையும் கையுமாகத் திரும்பினாய். என் முகத்தைப் பார்த்தாய், பிறகு என் கையைப் பார்த்தாய். தூரிகையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, உங்கள் குழுவின் சாமியை வைத்திருக்கிற சாமிப் பெட்டிப் பக்கமாகப் போய்விட்டாய். கண்ணால்கூட என்ன என்று கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? தங்கச்சி இத்தனை தூரம் வந்து நிற்கிறாளே, எதற்கென்று தோன்றாதா?

நூறாம் நாள் சடங்குக்கு நீ வர வேண்டாம். அம்மாவின் ஊதுபத்திச் சட்டியை நானே ஏந்திக்கொள்கிறேன். மகன் இருக்கும்போது மகள் ஏந்தலாமா என்று ஊர் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கெய்க் சுவான்


தம்புன், ஈப்போ
3 ஜூலை 1997

கெய்க் சுவான்,

உன் கடிதத்தைச் செங் மாமா அனுப்பிவைத்தார். நான் இப்போது குழுவில் இல்லை. தம்புனில் தெரிந்தவர் ஒருவரின் பம்பளிமாஸ் தோட்டத்தில் இருக்கிறேன். காய்களுக்குக் காகிதம் கட்டுகிற வேலை. இங்கே யாரும் அதிகம் பேச மாட்டார்கள், அது எனக்கு வசதியாக இருக்கிறது.

நீ சேதியைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. துணியைக் கழற்றிய நீ ஊக்கைக் கழற்ற மறந்துவிட்டாய். சட்டைக் கையில் வெறும் ஊக்கை யாரும் குத்திக்கொள்வதில்லை. வலது கையில் இருந்தது. இறந்தது ஆணாக இருந்தால் இடது கையில் குத்துவார்கள். அதனால் அம்மாதான் என்று புரிந்தது. நான் உன்னை என்னவென்று கேட்காததற்குக் காரணம் இதுதான்.

அப்போதே முகத்தைத் துடைத்திருக்க வேண்டும். துக்கக்காரன் சாமியாக நிற்கக் கூடாது. அதுவும் அவர் கோயில் வாசலிலேயே, அவர் பார்க்க, அவராக நிற்கவே கூடாது. நான் துடைக்கவில்லை. குழுவில் இருக்கிறவர்களின் பிழைப்பு என்று உனக்குச் சாக்குச் சொல்லலாம். அது பொய். சிவப்பு முகத்தில் இருக்கிறவரை நான் யாருக்கும் மகன் இல்லை, யாரும் சாகவில்லை. துடைத்தால் அம்மா போய்விடுவாள் என்று இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரியே செங் மாமாவிடம் துக்கம் தெரிந்தேதான் ஆடினேன் என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன். இனிமேல் சிவப்பு பூச மாட்டேன். நூறாம் நாளுக்கும் வர மாட்டேன். நீ வேண்டாம் என்று சொன்னதால் இல்லை. அம்மாவுக்கும் சாமிக்கும் ஒரே நேரத்தில் தப்புச் செய்தவன் எந்த முகத்தோடு சட்டி ஏந்துவது?

நேரத்துக்குச் சாப்பிடு.

பெங் தேக்


டோ பாயோ
10 ஜூலை 1997

அண்ணா,

உன் கடிதத்தை முதலில் கோபத்தோடுதான் படித்தேன். ஊக்கைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் கடையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சட்டை இன்னும் கொடியில் கிடக்கிறது. ஊக்கும் அதிலேயே இருக்கிறது.

நீ சொன்னாய், அதனால் நானும் சொல்கிறேன். அன்றைக்கு நான் திரும்பிப் போகவில்லை. செங் மாமா என்னை ஏணியிலிருந்து இறக்கிவிட்டதும் திடலில் முதல் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீ மேடைக்கு வந்ததும் ஊர் கேட்கக் கத்தப்போகிறேன் என்று முடிவுசெய்திருந்தேன். 'உங்க சாமியோட அம்மா செத்துட்டா, பெட்டியில கிடக்கா, போய்ப் பாக்கச் சொல்லுங்க' என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கூட்டம் என்று பெரிதாக இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி. இறால் உரிக்கிற பெண்கள் சிலர், அவர்கள் மடியில் தூங்குகிற குழந்தைகள், ஓரத்தில் பர்கர் போடுகிற மலாய்க்காரர். ஐயா ஒடுக்கமான மலைப்பாதையில் எதிரியை மடக்கிப் பிடித்துவிட்டு, அவன் எப்போதோ போட்ட சோற்றை நினைத்து வழிவிடுகிற காட்சி. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

மேளம் நின்றது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு, கைத்துணியால் முகத்தை மறைத்து வந்தாய். பச்சை அங்கி. அது நீதான், உன் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், எனக்குத் தெரியும். மூச்சை இழுத்துக் கத்தத் தயாரானேன். அப்போது முகத்திலிருந்து துணி இறங்கியது.

அண்ணா, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இறால்காரப் பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பர்கர்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவருக்கும் இந்தச் சாமிக்கும் என்ன சம்பந்தம்? தூங்கின குழந்தைகள் விழித்துக்கொண்டன, ஒன்றுகூட அழவில்லை. மேடை விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைத் தவிர எதுவும் அசையவில்லை. எதிரியாக நடித்தவன் வசனத்தை மறந்துபோய் உண்மையிலேயே நடுங்கினான். அந்தச் சாமி கண்ணை முழுசாகத் திறக்க மாட்டார், திறந்தால் எதிரில் நிற்பவன் தலை விழும் என்று நீதானே எனக்குச் சொல்லித்தந்தாய்? திறந்தார். எதிரியை வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எதிரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

சேற்றில், கூடப்பிறந்த அண்ணன் முன்னால், மண்டிபோட்டேன். சின்ன வயதில் என் காசைத் திருடி ஐஸ் வாங்கித் தின்றவன் முன்னால்! கத்த வந்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் இல்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். இவருக்கு எல்லாம் தெரியும், அம்மா போனதும் தெரியும், நான் ஏன் வந்தேன் என்பதும் தெரியும், இனிமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நினைப்புதான் என்னைப் போட்டு வதைத்தது. யார் முன்னால் மண்டிபோட்டேனோ அவனிடமே எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் காரியம் நடந்த வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டத்தில் கண்ணைத் திறக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? அதை மட்டும் எனக்குச் சொல்.

கெய்க் சுவான்


தம்புன்
18 ஜூலை 1997

கெய்க் சுவான்,

நான் கண்ணைத் திறக்கவில்லை.

அந்தக் காட்சியில் யாரும் சாவதில்லை. அதனால் திறக்கக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேஷம் போடுகிறேன், ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. இமை இடுக்கில் மேடைப் பலகை மட்டும்தான் தெரியும், அதை வைத்துத்தான் கால் வைப்பேன். உன்னை நான் பார்க்கவே இல்லை. நீ போய்விட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு நேற்று முழுதும் வேலை ஓடவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதைச் செங் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. சிவப்பு பூசி முடித்ததும் கடைசியாகக் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்போம், உனக்கு நினைவிருக்கும். 'நான் நீங்கள் இல்லை ஐயா, உங்களைப் போல வேஷம் போட்டவன், அவ்வளவுதான்' என்று சாமிக்குச் சொல்கிற புள்ளி. அது இல்லாமல் மேடை ஏறினவன் எங்கள் குழுவில் யாரும் கிடையாது. நீ கூப்பிட்டபோது அந்தப் புள்ளிக்காகத்தான் தூரிகையை எடுத்திருந்தேன். வைக்காமலே போய்விட்டேன். ராத்திரி முகம் துடைத்த காகிதத்தைச் சாமி முன்னால் கொளுத்தப் போனபோதுதான் கவனித்தேன். எல்லாம் சிவப்பு, கறுப்பே இல்லை. காகிதத்தைக் கொளுத்த மனம் வரவில்லை.

இப்போது கோயில்காரர்களுக்கு நான் துக்கத்தோடு ஆடியது தெரிந்துவிட்டது. இந்த வருஷத் திருவிழாத் தலைவராகச் சாமியின் ஊதுபத்திச் சட்டியை வீட்டில் வைத்திருக்கிற ஊய் அண்ணன் கொதிக்கிறாராம். வரும் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிறைநிலா வடிவக் கட்டைகள் இரண்டைப் போட்டு, அவை விழுகிற விதத்தை வைத்துச் சாமியிடமே கேட்கப்போகிறார்கள், அன்றைய ஆட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று. இல்லை என்று வந்தால் செங் மாமா குழுவை அந்தக் கரையோரத்தில் எந்தக் கோயிலும் கூப்பிடாது. துக்கக்காரன் கோயிலுக்குள் போக முடியாது, ஆகையால் நான் போய்ப் பேசவும் வழியில்லை. போனாலும் புள்ளியைப் பற்றி மறைக்க என்னால் முடியாது. அது தெரிந்தால் இன்னும் மோசம்.

எனக்காக வருத்தப்படாதே. செங் மாமாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

பெங் தேக்


டோ பாயோ
29 ஜூலை 1997

அண்ணா,

நீ போகவில்லை, நான் போனேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன், ஞாயிறு காலையில் நிபோங் தெபால். எனக்கும் துக்கம்தான், கோயிலுக்குள் போகக் கூடாது. ஆனால் ரோட்டுக்கு யாரும் வேலி போடவில்லையே! சாக்கடைக்கு இந்தப் பக்கம், கரும்புச் சாற்றுக் கடைக் குடைக்கு அடியில் நின்றேன். கோயில் கதவு அகலமானது, பலிபீடம் வரைக்கும் தெரிந்தது.

செங் மாமா மூலையில் நின்றார், ஆளே பாதியாகிவிட்டார். ஊய் மண்டிபோட்டு, ஊதுபத்தியைக் காட்டி, "ஐயா, போன மாசம் உங்க முன்னால நடந்த ஆட்டத்த ஏத்துக்கிட்டீங்களா?" என்று கட்டைகளைப் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்த்து விழுந்தன. ஐயா சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சிரிப்பு. மறுபடியும். ஊய்க்கு முகம் கறுத்துவிட்டது. "துக்கக்காரன் தீட்டோட உங்க வேஷத்துல நின்னானே, கோவமா ஐயா?" அதற்கும் சிரிப்பு. கூட்டத்தில் ஒருத்தர், "கேக்கத் தெரியாம கேட்டா சிரிக்காம என்ன பண்ணுவாரு?" என்றார்.

உன் கடிதம் என் பையில் இருந்தது. புள்ளி இல்லாத முகம் என்று பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். புள்ளி வைத்தால்தானே வேஷக்காரன்? வைக்காத முகம் யாருடையது? அன்றைக்குத் திடலில் கத்த முடியாத நான் இந்த முறை கத்திவிட்டேன்.

"யாரு நின்னாங்கன்னு கேளுங்க! மொதல்ல அதக் கேளுங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரும்மா நீ?" என்றார் ஊய்.

"அவன் தங்கச்சி. சேதி கொண்டுவந்தவ. நான் கூப்பிட்டதுல அவன் கறுப்புப் புள்ளி வைக்காமலே மேடை ஏறிட்டான். நான் கண்ணால பாத்தேன், அது எங்க அண்ணன் இல்ல. அவர்ட்டயே கேளுங்க!"

செங் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புள்ளி இல்லையா என்று ஒரே கூச்சல். ஊய் என்னை அடிக்க வருகிறவர் மாதிரி வாசல்வரை வந்தார். அப்போது இறால்காரப் பெண் ஒருத்தி, "நானும் பாத்தேன் அண்ணே, கண்ணு திறந்துச்சு. கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள். அவர் திரும்பிப் போனார்.

தப்பாக விழுந்தால் உன்னையும் அந்தக் குழுவையும் நானே குழியில் தள்ளினவள்.

"அன்னிக்கு மேடையில நின்னது கோர் பெங் தேக்கா?" கட்டைகள் இரண்டும் குப்புற விழுந்தன. இல்லை.

ஊய் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். குரலே மாறிவிட்டது, கெஞ்சுகிற குரலில் கேட்டார். "அப்ப... நின்னது நீங்களா ஐயா?"

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆமாம். மறுபடியும் போட்டார், ஆமாம். மூன்றாவது தடவை ஒரு கட்டை விழுந்த இடத்தில் நிற்கவில்லை. உருண்டது, படியில் துள்ளியது, வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து சாக்கடை ஓரத்தில், என் காலுக்கு எதிரே, சுற்றிச் சுற்றி நின்றது. உள்ளே இருந்தது குப்புறக் கிடந்தது. இது மல்லாக்க. ஆமாம்.

ஊய் வெளியே ஓடிவந்து அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்போடு ரோட்டிலேயே மண்டிபோட்டார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் வழி விடவில்லை. நானும் எங்கே நின்றேனோ அங்கேயே மண்டிபோட்டேன். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

அவரே நின்றார் அண்ணா. அவர் கோயில் வாசலில், அம்மா போன அன்றைக்கு, நீ நிற்க முடியாத இடத்தில் அவரே நின்றார்.

உன் தங்கை,
கெய்க் சுவான்


தம்புன்
6 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கெய்க் சுவான்,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. தினமும் ஒரு தடவை படிக்கிறேன். படித்துவிட்டுத் தோட்டத்தில் நடக்கிறேன். எனக்கு வந்திருப்பது சந்தோஷமா பயமா என்று இன்னும் பிடிபடவில்லை.

என் கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் நடந்திருக்கிறார் என்று நினைத்துப்பார். இடது செருப்பின் அடிக்கட்டை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, மாற்ற வேண்டும் என்று சோம்பேறித்தனமாக விட்டிருந்தேன். அவருக்கு அதைக் கொடுத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக அவரைப் போல நடக்கப் பழகினேன். நடை சரியாக வந்ததா என்று யாரிடம் கேட்பது?

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் காட்சி எனக்கு நினைவில் இல்லை, கண்ணைத் திறக்கவில்லை என்று உனக்கு எழுதியதுகூடப் பழக்கத்தை வைத்துத்தான். சாமிப் பெட்டி முன்னால் நின்றது நினைவிருக்கிறது, பிறகு முகம் துடைத்தது. நடுவில் ஒன்றும் இல்லை. துக்கத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். நின்றது நான் இல்லை என்றால், அந்த நேரத்தில் நான் அம்மாவின் மகனாக மட்டும் எங்கேயோ இருந்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? இதை எழுதும்போது அழுகை வருகிறது. இப்போதுதான் முதல் தடவை. தோட்டக்காரர் வந்து, "கண்ணுல சாறு தெறிச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று செங் மாமா ஈப்போ வரைக்கும் பஸ்ஸில் வந்தார். ஊய் அண்ணனும் கூட வந்தார், கை நிறைய ஆரஞ்சு. சீனக் காலண்டரின் ஒன்பதாம் மாசத் திருவிழாவுக்கு, நூறாம் நாள் கழிந்த பிறகு, நான்தான் சிவப்பு பூச வேண்டுமாம். "நீ வரலேன்னா வேற யார வச்சும் ஆடுறதா இல்ல" என்றார் ஊய். பூச மாட்டேன் என்று உனக்கு எழுதியது நினைவில் இருந்தது. தங்கச்சியைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று அனுப்பிவிட்டேன். செங் மாமாவுக்கு வாயெல்லாம் பல். "அவளக் கேளு, அவளக் கேளு, இனிமே எல்லாத்தையும் அவளயே கேளு" என்றார்.

அவர் அன்றைக்குக் கண்ணைத் திறந்து பார்த்தது உன்னைத்தான். அதனால் உன்னைக் கேட்கிறேன். பூசு என்றால் பூசுகிறேன். வேண்டாம் என்றால் இந்தக் காய்களுக்குக் காகிதம் கட்டிக்கொண்டு இருப்பேன், குறையொன்றும் இல்லை. நூறாம் நாளைப் பற்றியும் நீதான் சொல்ல வேண்டும்.

பெங் தேக்


டோ பாயோ
13 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணா,

நூறாம் நாளுக்கு முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு. சட்டி உன்னுடையது. நான் பக்கத்தில் நடந்து குடை பிடிக்கிறேன். அம்மாவுக்குப் பிடித்த உப்பு முட்டையும் முள்ளங்கி ஊறுகாயும் நான் கொண்டுவருகிறேன், நீ அந்தத் தோட்டத்துப் பழத்தில் நல்லதாக இரண்டு எடுத்துவா. செருப்புக்கு அடிக்கட்டை மாற்றிவிடு, இன்னொரு தடவை அவரைத் தேய்ந்த செருப்பில் நடக்கவிடாதே.

பூசு.

திருவிழா அன்றைக்கு நான் மத்தியானமே வந்துவிடுவேன், நீ முகம் கழுவி ஊதுபத்தி ஏற்றுவதற்கு முன்னால். ஏணி ஏறி வந்து உன் எதிரில் உட்காருவேன். ஒரு மணி நேரம், என்ன அவசரமென்றாலும், நீ என்னோடு பேச வேண்டும். அம்மா கடைசி வாரம் என்னவெல்லாம் சொன்னாள் என்று நீ இன்னும் என்னிடம் கேட்கவே இல்லை. அதைக் கேட்டு முடித்த பிறகு தூரிகையை எடு.

கெய்க் சுவான்